தலைமை இசை நடத்துநரைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர் யார்?

கேள்வி: தமிழ்ப்பள்ளி ஆசிரியை, சுங்கை சிப்புட்

அனைவருக்கும் வணக்கம். சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து வந்து வயலின் பயிலும் எங்கள் மாணவர்களைப் பள்ளி விடுமுறையில் கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்திலுள்ள பெட்ரோனாஸ் ஃபில்ஹார்மோனிக் அரங்குக்கு அழைத்துச் செல்லவிருக்கிறோம். "நடுவில் நின்று கோலை ஆட்டுபவரை யார் டீச்சர் அந்த வேலைக்குப் போட்டது?" என்று ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி கேட்டாள். ஜெர்மனியின் பெர்லின் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவில் கலைஞர்களே வாக்களித்துத் தலைமை நடத்துநரைத் தேர்ந்தெடுப்பதாகப் படித்திருக்கிறேன். நம் தோட்டங்களில் தொழிலாளர்கள் கூடித் தம் வேலையை மேற்பார்க்கும் மண்டோரைத் தேர்ந்தெடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. வேலை வாங்கப்போகிறவரை வேலை செய்பவர்களே தேர்ந்தெடுத்தால், கண்டிப்பில்லாதவரைத்தானே விரும்புவார்கள்?

பதில்: ஓய்வுபெற்ற இசையாசிரியர், சுங்கை சிப்புட்

உங்கள் ஐயம் நியாயமானதே, அம்மா. ஆனால் பெர்லினில் நடந்தது அதற்கு நேர்மாறு. வார்சாவுக்கு நான்காம் வகுப்பு ரயில் பெட்டியில் செல்ல மறுத்து, பில்சே என்பவரின் குழுவிலிருந்து பிரிந்த 54 கலைஞர்கள் 1882இல் தாமே அமைத்துக்கொண்ட குழு அது. தம்மை யார் நடத்துவது என்பதை அவர்கள் இன்றும் பிறரிடம் விடுவதில்லை.

அப்போதைய தலைமை நடத்துநர் சைமன் ராட்டில் 2018இல் விலகப்போவதை 2013இலேயே அறிவித்துவிட்டார். 2015 மே 11 அன்று வாக்குரிமையுள்ள கலைஞர்கள் டாலம் பகுதித் தேவாலயம் ஒன்றில் கூடி, நாள் முழுவதும் விவாதித்தும் வாக்களித்தும் ஒரு பெயரில் உடன்பட முடியாமல் கலைந்தார்கள். அடுத்த மாதம் மீண்டும் கூடித் தேர்ந்தெடுத்தது கிரில் பெட்ரென்கோவை. அதற்குமுன் அவர் அக்குழுவுடன் மூன்று முறைதான் மேடையேறியிருந்தார். வெளியிட்ட இசைத்தட்டுகளும் மிகக் குறைவு. ஒத்திகையில் சிறு நுணுக்கத்தையும் விட்டுக்கொடுக்காதவர் என்றே அவர் பெயர் பெற்றிருந்தார்.

கச்சேரியில் நாம் பெரும்பாலும் காண்பது நடத்துநரின் முதுகைத்தான். ஒத்திகையை இடையில் நிறுத்தி, "இரண்டாம் வயலின்கள் இவ்விடத்தில் புல்லாங்குழலைக் கேட்டுக்கொண்டே வாசியுங்கள்" என்று அவர் சொன்ன பிறகு ஒலி உண்மையிலேயே மாறுகிறதா, நேரம் மட்டும் கழிகிறதா என்பது நாற்காலியில் அமர்ந்திருப்பவருக்குத்தான் தெரியும். தேர்ந்த கலைஞருக்கு, அக்கறையற்ற ஒருவரின்கீழ் ஆண்டுக்கணக்கில் வாசிப்பதைவிடப் பெரிய தண்டனை இல்லை. ஆகவே அவர்கள் வாக்கு சலுகை தேடிப் போகாது என்றே நான் உறுதியாக நம்புகிறேன்.

பதில்: வாசகர், கோலகங்சார்

ஐயா கூறியதில் பெரும்பகுதி எனக்கு உடன்பாடே. ஆயினும் அம்முறை எல்லாக் குழுக்களுக்கும் பொருந்தாது. எண்ணெய் நிறுவனமான பெட்ரோனாஸ் நிறுவிய மலேசிய ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு 1998 ஆகஸ்டில் முதல் கச்சேரியை நிகழ்த்தியபோது, அதன் கலைஞர்கள் பல நாடுகளிலிருந்து புதிதாகத் திரட்டப்பட்டவர்கள். ஒருவர் வாசிப்பை ஒருவர் அறியாத நிலையில் எதை வைத்து வாக்களிப்பது? முதல் இசை இயக்குநரான கீஸ் பேக்கல்ஸ் அவர்களை ஒரு குழுவாக்கவே முதலில் பாடுபட வேண்டியிருந்தது. அத்தகைய தொடக்கத்தில் பொறுப்பேற்கும் நிறுவனமே ஆளைத் தேர்வதில் தவறில்லை. குழு வேரூன்றிய பின்னரும் கலைஞர்களைக் கேளாமல் முடிவெடுப்பதுதான் தவறு.

எனக்கு உறுத்தலாக இருப்பது வேறொன்று. 1996இல் பிறந்த நடத்துநர் கிளாவுஸ் மேக்கலா, ஆம்ஸ்டர்டாமின் ராயல் கான்செர்ட்கெபாவ், சிகாகோ சிம்பொனி ஆகிய இரு பெருங்குழுக்களுக்கும் 2027 முதல் தலைமையேற்க ஒப்புக்கொண்டிருக்கிறார். திறமையில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் புதிய கலைஞர்களைச் சேர்ப்பதிலும், ஆண்டு நிகழ்ச்சிகளை வகுப்பதிலும் பங்கேற்க வேண்டியவர் ஊரில் இருந்தாக வேண்டும். ஆண்டில் எத்தனை வாரம் எங்களோடு இருப்பீர்கள் என்பதை வாக்களிப்பவர்கள் முதலிலேயே கேட்க வேண்டும்.

பதில்: வாசகி, சுங்கை சிப்புட்

வியன்னா ஃபில்ஹார்மோனிக் 1933 முதல் நிரந்தர நடத்துநரே இல்லாமல், விருந்தினர்களை அழைத்து இயங்கிவருகிறது என்பதையும் மாணவியிடம் சொல்லுங்கள், டீச்சர். புறப்படுவதற்கு முன் பெர்லின் குழுவின் டிஜிட்டல் கான்சர்ட் ஹால் இணையத்தளத்தில் ஏதேனும் ஒரு நிகழ்ச்சியைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுங்கள். அங்கே கேமரா நடத்துநரின் முகத்துக்கு நேராகவும் நிற்கிறது. இசை ஒலிப்பதற்குச் சற்று முன்னரே அவர் கண்ணும் கையும் யாரை அழைக்கின்றன என்று கவனித்தால், அந்தக் கோல் எதற்கு என்பது அவர்களுக்கே விளங்கிவிடும்.