ஷார் பே வளர்ப்பவர்களுக்கு: மடிப்பு, காய்ச்சல், கண், காது

ஷார் பே நாயின் தோல் மடிப்பில் புண் வருவது அழுக்கால் அல்ல, ஈரத்தால். மூக்கின் மேல், கீழுதட்டு ஓரம், அக்குள், வாலடி ஆகிய இடங்களைத் தினமும் விரலால் விரித்துப் பாருங்கள். காய்ந்த காஸ் துணியால் ஒற்றி எடுத்தால் போதும், தேய்க்கக் கூடாது. பழுப்பு மெழுகு ஒட்டிக்கொண்டு, புளித்த மாவு மாதிரி வாடை வந்தால் அது பெரும்பாலும் ஈஸ்ட் என்ற பூஞ்சை. டாக்டர் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி ஷாம்பூ எழுதிக் கொடுத்தால், போட்டவுடன் கழுவிவிடாதீர்கள், பத்து நிமிடம் ஊறட்டும். அலசும்போது ஒவ்வொரு மடிப்பையும் திறந்து தண்ணீர் விடுங்கள், உள்ளே தங்கும் ஷாம்பூவே தோலை அரித்துவிடும். துவட்டியபின் டிரையரைச் சூடில்லாத காற்றில் வைத்து அடிப்பாகம் வரை காய வையுங்கள்.

—

தேங்காய் எண்ணெய் தடவலாமா என்று பலர் கேட்கிறீர்கள். வேண்டாம். மலசீசியா ஈஸ்ட் கொழுப்பைத் தின்று வளர்வது, எண்ணெய் ஈரத்தையும் உள்ளேயே பூட்டிவைக்கும். பவுடரும் வேண்டாம். கட்டியாகி மடிப்புக்குள் உராயும்.

முடி திட்டுத்திட்டாகக் கொட்டினால் டெமோடெக்ஸ் (கண்ணுக்குத் தெரியாத தோல் உண்ணி) பூச்சியா என்று தோலைச் சுரண்டிப் பார்ப்பார்கள். இந்த இனத்துக்குத் தோல் தடிமன், சுரண்டலில் பூச்சி சிக்காமல் போவதுண்டு. சந்தேகம் தீராவிட்டால் பயாப்ஸி (தோலில் சிறு துண்டு வெட்டிச் சோதிப்பது) கேளுங்கள். அதற்கு முன் ஸ்டீராய்டு ஊசி போட ஒப்புக்கொள்ளாதீர்கள், டெமோடெக்ஸ் இருந்தால் உடம்பு முழுக்கப் பரவிவிடும்.

—

தோலைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். பல ஷார் பேக்களின் உயிரை எடுப்பது சிறுநீரகம்தான்.

மடிப்புக்குக் காரணம் தோலில் சேரும் ஹயலுரோனிக் அமிலம் என்ற பசைப்பொருள். அதை உண்டாக்கும் ஹாஸ்2 மரபணுவுக்கு அருகில் ஒரு துண்டு இரட்டித்துக் கிடப்பதால் அது அளவுக்கு மீறிச் சுரக்கிறது. அதே இரட்டிப்புக்கும் ஷார் பே காய்ச்சலுக்கும் தொடர்பு உண்டு என்று 2011-இல் ஆய்வு வெளியானது. வரும் விதம் இப்படி: திடீரென்று 40.5 டிகிரி செல்சியஸ், அதற்கு மேலும் போகும் (நாய்க்கு இயல்பு 38 முதல் 39.2 வரை). பின்னங்கால் கணுக்கால் வீங்கும், சிலவற்றுக்கு மூக்கும் உதடும் வீங்கும். முதுகை வளைத்து நுனிக்காலில் நடக்கும், சோறு தொடாது. ஒன்றிரண்டு நாளில் தானாகவே இறங்கிவிடும். அதுதான் வில்லங்கம், சரியாகிவிட்டது என்று விட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு காய்ச்சலிலும் உருவாகும் அமிலாய்டு புரதம் சிறுநீரகத்தில் படிந்துகொண்டே போகிறது.

ஆசனவாய் தெர்மாமீட்டர் வீட்டில் இருக்கட்டும். தேதி, அளவு, எந்தக் கால் வீங்கியது என்று எழுதி வையுங்கள். பாராசிட்டமால், ஐபுபுரூஃபன் எதையும் கொடுக்காதீர்கள். திரும்பத் திரும்ப வந்தால் கோல்சிசின் பற்றி டாக்டரிடம் பேசுங்கள். அது காய்ச்சலைத் தணிக்கும் மாத்திரை இல்லை, அமிலாய்டு படிவதைக் குறைக்கும் என்று தினமும் தருவது. வயிற்றுப்போக்கு வந்தால் அளவை மாற்ற வேண்டியிருக்கும். சிறுநீரில் புரதம் இல்லை என்று ரிப்போர்ட் வந்தாலும் நிம்மதி வேண்டாம், இந்த இனத்தில் அமிலாய்டு சிறுநீரகத்தின் உட்பகுதியிலேயே படிந்து புரதம் கசியாமலும் இருக்கலாம். சிறுநீரின் அடர்த்தியையும் ரத்தத்தில் கிரியேட்டினினையும் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) சேர்த்துப் பாருங்கள்.

—

குட்டி கண்ணை இடுக்கினால் இமை உள்பக்கம் சுருண்டு முடி கருவிழியில் உரசுகிறது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். மூன்று நான்கு வாரக் குட்டிக்கே இமையை வெளியே இழுத்துத் தற்காலிகத் தையல் போடுவார்கள். நிரந்தர ஆபரேஷன் முகம் வளர்ந்து முடிந்த பிறகு. முன்பே தோலை வெட்டிவிட்டால் பிறகு இமை வெளியே தொங்கிவிடும்.

காதுக்குழாய் குறுகல், பட்ஸ் விட்டால் அழுக்கு உள்ளே போய் அடைத்துக்கொள்ளும். டாக்டர் தந்த காது கழுவும் மருந்தை ஊற்றி, காதின் அடியைப் பிசைந்துவிட்டு, நாய் உதறியபின் வெளியே வந்ததை மட்டும் துடையுங்கள்.

—

வாங்கப் போகிறவர்களுக்கு. குவாங்டாங் மாகாணத்தின் டாலி பக்கம் காவலுக்கும் காட்டுப்பன்றி வேட்டைக்கும் வைத்திருந்த பழைய ரகத்துக்கு வாய் ஒல்லி, மடிப்பும் குறைவு. 1973-இல் ஹாங்காங்கிலிருந்து மட்கோ லா என்ற வளர்ப்பாளர் இந்த இனத்தைக் காப்பாற்ற உதவி கேட்டு எழுதிய பிறகு அமெரிக்கா போன நாய்களிலிருந்து பெருக்கியதில்தான் சதைவாயும் (தடித்த, சதைப்பற்றான மூக்கும் உதடும்) கனத்த மடிப்பும் மேலோங்கின. மடிப்பைப் பார்த்துக் குட்டி எடுக்காதீர்கள். தாய்க்கும் தகப்பனுக்கும் காய்ச்சல் உண்டா, கண்ணில் தையல் போட்டதா என்று கேளுங்கள்.

இன்னொன்று, நெற்றி மடிப்பு கண்ணை மறைப்பதால் பக்கவாட்டில் சரியாகத் தெரியாது. பின்னாலிருந்து தொட்டால் திடுக்கிட்டுத் திரும்பிக் கவ்வும். பெயர் சொல்லிக் கூப்பிட்டு முன்பக்கமாகப் போக வேண்டும் என்று வீட்டுக்கு வரும் பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள்.