கோத்தகிரி எஸ்டேட் பரிசோதனைக்கு ஓர் அறையும் வண்டியும் வேண்டும்

வணக்கம். தேயிலை பறிக்கும் பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை, 30 வயதுக்கு மேல். ஞாயிற்றுக்கிழமைதான் சரி, மற்ற நாளில் வைத்தால் கூலி போய்விடும்.

தேவை: உள்தாழ்ப்பாள் உள்ள அறை, ஆடாத மேசை, வெள்ளை வெளிச்சம் தரும் சார்ஜ் லைட் இரண்டு. மஞ்சள் பல்பு வேண்டவே வேண்டாம். கர்ப்பப்பை வாயில் 5 சதவீத அசிட்டிக் அமிலம் தடவி முழுசாக ஒரு நிமிடம் பொறுத்தால்தான் மாறிய இடம் வெள்ளைத் திட்டாகத் தெரியும். மஞ்சள் ஒளியில் அது கண்ணுக்குத் தப்பிவிடும். 5 மில்லி கெட்டி அமிலத்துக்கு 95 மில்லி டிஸ்டில்டு வாட்டர், அன்றன்று கலக்க வேண்டும். கலக்காமல் பட்டால் சதை வெந்துவிடும்.

மாதவிடாய் நின்றவர்களுக்குப் பார்க்க வேண்டிய பகுதி உள்ளே ஏறிவிடும். அவர்களுக்கு எச்பிவி டெஸ்ட்தான் (இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ் இருக்கிறதா என்று பார்ப்பது) நல்லது. மாதிரியை அவர்களே எடுத்துத் தரலாம். அந்தக் கிட் வாங்கித் தர முடிந்தவர்கள் சொல்லுங்கள்.

வெள்ளைத் திட்டு என்றாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை. கால்போஸ்கோப்பி (பெரிதாக்கிக் காட்டும் கருவியால் கர்ப்பப்பை வாயைப் பார்ப்பது) செய்து, சதைத் துணுக்கு எடுத்து ஆய்வு செய்தால்தான் உறுதி. அதற்கு ஊட்டி வரை கூட்டிப் போய்வர வண்டி வேண்டும். பஸ்ஸில் போகச் சொன்னால் தள்ளிப்போட்டுவிடுவார்கள்.

உதவுபவர்கள் ஊர்ப் பெயர் மட்டும் போடுங்கள். வரப்போகும் பெண்களின் பெயர் எதுவும் குழுவில் வேண்டாம்.