யானைக்கு இருக்கிறது கொம்பா, பல்லா?

மேலூரான்:
வாட்ஸ்அப்ல ஒரு ஆடியோ சுத்துதே, கேட்டீங்களா? "யானைக்கொம்புன்னு சொல்றவனுக்குத் தமிழும் தெரியாது விலங்கியலும் தெரியாது, அது தந்தம்"னு ஒருத்தர் பத்து நிமிஷம் வகுப்பெடுக்கிறாரு. யோவ், தந்தம்ங்கிறதே பல்லுக்கு வடசொல்லு. எங்க அப்பத்தா யானைக்கொம்புன்னுதான் சொல்லும். ஆண் யானைக்குக் கொம்பன்னே பேரு.

விலங்கியல்வாத்தி:
ஆடியோ நான் போடல, ஆனா சொன்னது சரி. யானைக்கு மேல்தாடை வெட்டுப்பல்லு ரெண்டு நீண்டு வெளிய வந்திருக்கு, அவ்ளோதான். மாட்டுக்கொம்புன்னா உள்ள எலும்பு, மேல நகம் மாதிரி உறை. வாயில முளைச்சா அது பல்லு.

கம்பத்துக்காரி:
2023ல எங்க ஊருக்குள்ள அரிக்கொம்பன் யானை வந்து, 144 போட்டு, கதவ சாத்திட்டு உள்ளயே கெடந்தோம். அப்ப "அரிப்பல்லா போயிருப்பா"ன்னு கும்பிட்டிருக்கணுமா சார்?

விலங்கியல்வாத்தி:
அது கேரளாவுல வச்ச பேரு. பல்லு பல்லுதான்.

மேலூரான்:
சரி, காண்டாமிருகக் கொம்புக்குள்ள எலும்பே கிடையாதே, முழுக்க நகத்துல இருக்கிற சமாச்சாரம்தானே, அது கொம்பு இல்லையா? மான் கொம்பு வருஷா வருஷம் விழுந்து முளைக்குது, அத பால்பல்லும்பீங்களா?

விலங்கியல்வாத்தி:
ரெண்டும் வாயிலயா இருக்கு? இல்லல்ல? முடிஞ்சுது.

அகராதிப்பித்தன்:
சென்னைப் பல்கலைக்கழக அகராதியில கொம்புன்னா மரக்கிளை, கோல், மாட்டுக்கொம்பு, யானைத்தந்தம், ஊதுற கொம்புன்னு எல்லாமே போட்டிருக்கு. எல்லாம் சரிதான், எதுக்கு அடிச்சுக்கிறீங்க?

விலங்கியல்வாத்தி:
அகராதி எழுதினவரு யானை வாயத் தொறந்து பாத்தாராமா?

மேலூரான்:
"பரியது கூர்ங்கோட்டது ஆயினும் யானை" வள்ளுவர் சொன்னது. கோடுன்னாலும் கொம்புதான். அவருக்கும் விலங்கியல் வராதோ?

விலங்கியல்வாத்தி:
அங்க கோடுன்னு இருக்கு, கொம்பு எங்க இருக்கு? கொம்புதான் வேணும்னா "நுனிக்கொம்பர் ஏறினார்" படிங்க. மரக்கிளை அது. நீங்க இப்ப ஏறி உக்காந்திருக்கிறதும் அங்கதான், பாத்து.

மேலூரான்:
நக்கலு! போன மாசம் முக்கொம்புல மூணு ஆறு வந்து சேருதுன்னு எழுதி வாங்கிக் கட்டிக்கிட்டது யாரு? காவிரியில இருந்து கொள்ளிடம் பிரியிற இடம் சார் அது. 'பே'ன்னு எழுதுறப்ப ரெட்டைக்கொம்பு போடுறோமே, அதுக்குள்ளயும் எலும்பு தேடுவீங்களா?

மலைக்கோட்டை_மணி:
முக்கொம்புன்னதும் வயித்தெரிச்சல். 2018ல கொள்ளிடம் பக்கம் ஒம்பது மதகு இடிஞ்சு தண்ணி வீணாப் போச்சே, அன்னிக்கு எவனாச்சும் வாயத் தொறந்தீங்களா?

விலங்கியல்வாத்தி:
அது மதகு. இங்க பேச்சு பல்லப் பத்தி.

தவில்காரன்:
நெசமா ஊதுற கொம்ப ஒருத்தனும் பேசல. பித்தளையில வளைஞ்சு நிக்கும், ஊதினா ஊரே திரும்பிப் பாக்கும். இப்ப எந்தத் திருவிழாவுக்குப் போனாலும் செண்டை மேளம், நம்மாளுங்கள எவன் கூப்பிடுறான்?

கம்பத்துக்காரி:
செண்டைய எதுக்கு வையிறீங்க? கேரளாக்காரங்க பஞ்சவாத்தியத்துல அஞ்சுல ஒண்ணு கொம்புதான் தெரியுமா? நாமதான் நம்ம கொம்ப விட்டோம்.

தவில்காரன்:
எல்லையில உக்காந்துக்கிட்டு அங்கிட்டே பேசுங்க.

அகராதிப்பித்தன்:
கொம்பு சீவி விட்டது அந்த ஆடியோக்காரன், முட்டிக்கிறது நீங்க. நான் கெளம்புறேன்.

விலங்கியல்வாத்தி:
கெளம்பறதுக்கு முன்னாடி ஒண்ணு. கொம்பு இல்லாத ஆண் யானைய மக்னாங்கிறோம், அதுக்கு வெளிய நீட்டிக்கிட்டு வரல, அவ்ளோதான் வித்தியாசம். வராதது பல்லுன்னா வந்ததும் பல்லு.

மேலூரான்:
"கொம்பு இல்லாத ஆண் யானை"ன்னு இப்ப எழுதினது யாரு சார்???

விலங்கியல்வாத்தி:
அவசரத்துல டைப் ஆயிருச்சு. பல்லுன்னு படிச்சுக்கோங்க. உங்க அப்பத்தாவுக்கு எத்தன கொம்பு இருந்துச்சுன்னும் சொல்லுங்க.

மேலூரான்:
அப்பத்தாவ இழுத்தீங்க, இனிமே சார் மோர்லாம் கெடையாது. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சிட்டேன்.

விலங்கியல்வாத்தி:
எடுத்துக்கோ. அதுலயும் பல்லுதான் தெரியும்.