சோழவரம் ஓடுதளமும் என் அப்பாவும்

கோத்தகிரி உறுப்பினர்:

மலைப்பக்கம் இருப்பவர்கள் யாராவது கைவிடப்பட்ட விமானத் தளத்தைப் பார்த்ததுண்டா என்று கேட்டிருந்தீர்கள். நான் பார்த்திருக்கிறேன். ஆனால் இங்கே இல்லை, சென்னைக்கு வடக்கே, சோழவரத்தில்.

அப்பா ஒரு தேயிலை ஃபேக்டரியில் மெக்கானிக். வருஷத்துக்கு ஒரு தடவை, பிப்ரவரியில், மேட்டுப்பாளையம் இறங்கி நீலகிரி எக்ஸ்பிரஸ் பிடிப்பார், அந்த ஓடுதளத்தில் நடந்த கார், பைக் ரேஸுக்காக. எண்பதுகளின் நடுவில் ஒரு தடவை என்னையும் கூட்டிப் போனார். எனக்குப் பத்து வயது.

எஸ்டேட் ரோட்டு வளைவுகளிலேயே வளர்ந்தவன் நான். அவ்வளவு நீளத்துக்கு நேராகப் போகும் தரையை அன்றுதான் முதலில் பார்த்தேன். ரேஸ் தொடங்குவதற்கு முன் அப்பா என்னைக் குனிந்து தரையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். பாளம் பாளமாக வார்த்த சிமென்ட். இரண்டு பாளங்களுக்கு நடுவே என் விரல் நுழைந்தது. அடைத்திருந்த தார் காய்ந்து வெடித்து, அதில் புல் முளைத்திருந்தது. "வெயிலுக்கு சிமென்ட் விரியும்டா. அதுக்குத்தான் இடம் விட்டிருக்கான்" என்றார். அப்புறம் பைக்குகள் கிளம்பின. ரேஸ் இன்ஜினுக்கு ஊற்றும் ஆமணக்கெண்ணெய் காற்றில் வந்த வாசம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போரின்போது போட்ட தளம் அது. 1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு போட்டன. சென்னையிலிருந்து ஜனங்கள் மூட்டை முடிச்சோடு வெளியூர்ப் பக்கம் ஓடினார்கள். சோழவரம், உளுந்தூர்ப்பேட்டை, கயத்தாறு, செட்டிநாடு எல்லாம் அந்தப் போர்க்காலத்தின் மிச்சங்கள்தான். போர் முடிந்ததும் சோழவரத்துக்கு விமானங்களின் தேவை போயிற்று. ஆங்கில 'T' எழுத்து வடிவில் கிடந்த ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்காரர்கள் கார் ஓட்டினார்கள். அதைப் பாழ் நிலம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். போர் சில வருஷம்தான், ரேஸ் நடந்ததோ பல பத்தாண்டுகள்.

அப்பாவுக்குக் கோவை ரேஸ் வீரர் கரிவரதன் என்றால் உயிர். தானே கார் வடிவமைத்து ஓட்டியவர் என்பதால் ஒரு மெக்கானிக்குக்கு அவர்மேல் வரும் மரியாதை அது. 1995-ல் அவர் விமான விபத்தில் இறந்த செய்தி வந்த அன்று அப்பா வேலைக்குப் போகவில்லை.

ஊட்டி உறுப்பினர்:

அண்ணா, படிக்கும்போது எனக்கே அந்த ரேஸைப் பார்த்த மாதிரி இருந்தது. நம் மாவட்டத்தில் விமானம் இறங்கத் தளம் இல்லை, தீட்டுக்கல் ஹெலிபேட்தான். பள்ளியில் படிக்கும்போது ஒரு தலைவர் வருகிறார் என்று பாட்டியோடு போய் ரோட்டோரம் நின்றேன். ஹெலிகாப்டர் இறங்கிய காற்றில் பாட்டியின் சால்வை பறந்து போய் ஒரு கேரட் தோட்டத்தில் விழுந்தது. தலைவரை விட்டுவிட்டு சால்வையைத் தேடி ஓடினோம்.

ஏன் இங்கே ஓடுதளம் போடவில்லை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். கடல் மட்டத்தைவிட இங்கே காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இறக்கைக்குத் தூக்கும் பலம் கிடைக்க விமானம் இன்னும் வேகமாக, இன்னும் தூரம் ஓடியாக வேண்டும். அவ்வளவு சமதளத்துக்கு நாம் எங்கே போவது? மூடுபனி வேறு.

அப்பா அதற்கப்புறமும் ரேஸ் பார்க்கப் போனாரா அண்ணா?

கோத்தகிரி உறுப்பினர்:

போனார் தம்பி. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் புது டிராக் வந்ததும் ரேஸ் அங்கே போய்விட்டது. சில வருஷம் கழித்து, என் முதல் சம்பளத்தில் நான்தான் கூட்டிப் போனேன். வழவழவென்று தார் ரோடு. அப்பா முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்து தரையைத் தடவிப் பார்த்தார்.

"இடைவெளியே இல்லையேடா" என்றார்.