நினைவக ஒதுக்கீடா, நினைவகப் பங்கீடா?

அன்பர்களுக்கு வணக்கம்.

கணினிச் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் பேச்சில், சர்வர் நினைவகத்தை ஊடாடும் பணி, தொகுதிப் பணி (batch), பின்னணிப் பணி என்று பிரித்துக் கொடுப்பதற்கு "நினைவக ஒதுக்கீடு" என்ற சொல்லே போதும் என்று ஓசூர் நண்பர் எழுதியிருந்தார். போதாது என்கிறேன். அந்தச் சொல்லை நாம் ஏற்கெனவே மால்லாக் (malloc) என்ற நிரல்கூறு செய்வதற்குக் கொடுத்தாயிற்று. ஒரு நிரல் தனக்கு இடம் கேட்டு வாங்குவதற்குப் பெயர் அது. லினக்சில் ஒரு நிரல் இரண்டு ஜிபி கேட்டால் கர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) பெரும்பாலும் "சரி, வைத்துக்கொள்" என்று சொல்லிவிடும், ஆனால் அந்த நேரத்தில் அதற்கு உண்மையான இடம் ஏதும் போய்ச் சேர்ந்திருக்காது, நிரல் அந்த முகவரியைத் தொடும்போதுதான் பக்கம் பக்கமாக (பக்கம் என்பது நினைவகத்தின் ஒரு சிறு துண்டு) கிடைக்கும், சி-குரூப் (நிரல்களைக் குழுவாக்கி அளவு வைக்கும் லினக்ஸ் வசதி) கணக்கில் பற்று எழுதுவதும் அப்போதுதான். ஆக, கேட்பது ஒரு வேலை. இருப்பதை யாருக்கு எவ்வளவு என்று தீர்ப்பது வேறு வேலை. இரண்டாவதற்கு நான் சொல்வது பங்கீடு.

கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையின் சர்வரைப் பார்த்துக்கொள்கிறேன். சீசனில் பெங்களூரா மாங்காய் ஏற்றிய டிராக்டரும் லாரியும் எடைமேடைக்கு வெளியே வரிசைகட்டி நிற்கும். வண்டி எண்ணைத் தட்டிவிட்டு எடைச்சீட்டு வரும்வரை திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரே, அவருடையது ஊடாடும் பணி. அன்றைய வரவுக்கெல்லாம் விவசாயிகளுக்கான தொகையை இரவில் கணக்கிடுவது தொகுதி. பேக்கப் பின்னணி. மூன்றும் ஒரே பெட்டியில். போன சீசனில் இரவில் முடியவேண்டிய பேக்கப் இழுத்துக்கொண்டே போய் பகலிலும் ஓடியது. எடைச்சீட்டுத் திரை உறைந்துவிட்டது, வெளியே ஒரே ஹாரன் சத்தம். பார்த்தால் பேக்கப் நிரல் தனக்கென்று கேட்டு வாங்கிய நினைவகம் சொற்பம்தான். ஆனால் பெரிய பெரிய கோப்புகளைப் படிக்கப் படிக்க, படித்ததன் நகலைக் கர்னல் வைத்திருக்கும் பக்கத் தேக்ககம் (page cache) வீங்கி, டேட்டாபேஸின் பக்கங்கள் ஸ்வாப்புக்கு, அதாவது வட்டுக்கு, தள்ளப்பட்டிருந்தன. ஒதுக்கீட்டில் ஒரு குறையும் இல்லை, பங்கீடு என்று ஒன்றுதான் இல்லை. (தவிர, எங்கள் மாவட்டங்களில் டீக்கடையில் உட்கார்ந்து "உள் ஒதுக்கீடு" என்று சொல்லிப் பாருங்கள், அதற்குமேல் சர்வரைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள்.)

பங்கீடு என்றால் காவிரி நீர்ப் பங்கீடு எல்லோருக்கும் தெரியும். பொருள் குறைவு, கேட்பவர் பலர் என்ற இரண்டும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன.

இன்னொருவர், ஒருவகைப் பணிக்கென்று பிரித்துவைத்த நினைவகப் பகுதியை (memory pool) "நினைவகக் குளம்" என்று எழுதியிருந்தார். 1988இல் வந்த ஐபிஎம் ஏஎஸ்/400 இயந்திரங்களில் ஊடாடும் பணிக்கென்றே தனி பூல் உண்டு என்பது சரிதான், ஆனால் அந்தப் பூலுக்கும் தண்ணீருக்கும் சம்பந்தமில்லை. அரிசிக்கும் மின்சாரத்துக்கும் "மத்தியத் தொகுப்பு" என்று நாளிதழ்கள் எழுதுகின்றனவே, அதே தொகுப்புதான். நினைவகத் தொகுப்பு என்றே வைக்கலாம்.

அடுத்தது, ஒரு குழுவின் நினைவகத்துக்கு வைக்கும் நான்கு அளவுகள். 2016இல் லினக்ஸ் 4.5உடன் முறைப்படி வந்த சி-குரூப் இரண்டாம் பதிப்பில் மின் (min), லோ (low), ஹை (high), மேக்ஸ் (max) என்று இருக்கின்றன. இவற்றைக் குறைந்தபட்சம், தாழ், உயர், அதிகபட்சம் என்று மாற்றிவைத்தால் படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது, ஏனென்றால் நான்கும் நான்கு வேறு வேலை செய்கின்றன. மின் அளவுக்குள் இருக்கும் நினைவகத்தைக் கர்னல் எந்த நெருக்கடியிலும் பிடுங்காது, ஆகவே "காப்பளவு". ஹையைத் தாண்டினால் அந்தக் குழு கொல்லப்படாது, ஆனால் கையிலிருக்கும் பக்கங்களை விடச் சொல்லி நெருக்கிக் கர்னல் அதை மெதுவாக்கிவிடும். "நெருக்களவு" பொருந்தும், பேக்கப்புக்கு நான் போட்டிருப்பதும் இதைத்தான். மேக்சுக்கு யோசிக்கவே வேண்டாம், நில உச்சவரம்புச் சட்டம் தந்த "உச்சவரம்பு" இருக்கிறது. அதைத் தொட்டு, விடுவிக்கவும் ஏதுமில்லை என்றால் குழுவில் ஏதோ ஒரு செயல்முறை கொல்லப்படும்.

லோவுக்குத்தான் நல்ல சொல் சிக்கவில்லை. காப்பில்லாத மற்ற குழுக்களிடம் எடுக்க எதுவும் மிச்சமில்லாதபோது மட்டும் கர்னல் இதில் கைவைக்கும். "இயன்றவரைக் காப்பு" பொருள் சொல்கிறது, ஆனால் அமைப்புக் கோப்பில் எழுத நீளம்.

அப்புறம், தொகுதி. தொகுப்பு (pool), தொகுப்பி (compiler), தொகுதி (batch) என்று மூன்றையும் ஒரே பத்தியில் எழுதிவிட்டுத் திரும்பப் படித்தால் எனக்கே தலை சுற்றுகிறது, அதோடு தொகுதி என்றால் ஆட்களுக்கு எம்எல்ஏதான் நினைவுக்கு வருகிறார். இட்லிக்கு முதல் ஈடு, இரண்டாம் ஈடு என்கிறோமே, மொத்தமாகச் சேர்த்து ஒரே தடவையில் செய்து இறக்குவது, அந்த ஈட்டையே எடுத்து "ஈட்டுப்பணி" என்று வைத்தால் என்ன? அடமானம் என்ற பொருளும் ஈட்டுக்கு உண்டு, தெரியும், சர்வர் அறையில் அதனால் குழப்பம் வராது. எதிர்ப்பு இருந்தால் எழுதுங்கள், கூடவே லோவுக்கும் ஒரு சொல் அனுப்புங்கள்.