சுகர் இருக்கிற பூனைக்கு வியாழக்கிழமை பல் ஆபரேஷன், பூனை ஏற்காட்டுல, நான் கனடாவுல. வழி சொல்லுங்க

ஏற்காட்டுப் பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம்ங்க. பிராம்ப்டன் வந்து இன்னும் பெட்டியே முழுசாப் பிரிக்கல. எங்க பூனை மிளகு ஏற்காட்டுல அம்மா அப்பாகிட்ட இருக்கான். 11 வயசு, சுகர் இருக்கு. இப்ப வாயெல்லாம் எச்சி ஒழுகுது, கிட்ட போனாலே நாத்தம், ஒரு பக்கமாவே மெல்லுறான். பல்லு நாலஞ்சு எடுக்கணும், வியாழக்கிழமை சேலத்துக்குக் கூட்டிட்டு வாங்கன்னு டாக்டர் சொல்லிட்டார். மயக்க மருந்து குடுத்தா எந்திரிப்பானா? அம்மா ஒருத்தரா சமாளிப்பாங்களா? எனக்கு இங்க தூக்கமே இல்லைங்க.

பேஸ்மெண்ட் பாண்டி:
தங்கச்சி, பூனையை ஊர்ல பாத்துக்குவாங்க. நீ மொதல்ல வேலைக்குக் கேக்குற சின் நம்பர், ஹெல்த் கார்டு வேலையை முடி. நான் வந்த புதுசுல பேஸ்மெண்ட்ல இருந்தேன். ஹீட்டர் பட்டன் மேல் வீட்டுக்காரர் கையில. ராத்திரி ஸ்வெட்டர், ஜாக்கெட், அதுக்கு மேல அம்மா குடுத்த ஜமக்காளம். இப்பவே நல்ல பூட்ஸ் வாங்கிடு, பனி விழுந்த அப்புறம் விலை ஏறிடும்.

லீட்ஸ் மச்சான்:
பேசாம பூனையை அங்கயே கூட்டிக்கோங்க. ஆனா லேசு இல்ல. சிப் வைக்கணும், வெறிநாய்க்கடித் தடுப்பூசி, அப்புறம் அந்த ஊசி புடிச்சிருக்கான்னு பாக்க ரத்தம் எடுத்து டைட்டர் டெஸ்ட், அதுக்கு மேல 3 மாசம் காத்திருக்கணும்.

நாலு ரோடு நாயகி:
அண்ணா, அது உங்க இங்கிலாந்து சட்டம். கனடாவுக்கு வீட்டுப் பூனைன்னா தடுப்பூசிச் சான்றிதழ் போதும், தனிமைப்படுத்தல் எல்லாம் கிடையாது. இந்தியாவுல இருந்து வெளிய அனுப்ப சென்னையில கால்நடைத் தனிமைப்படுத்தல் ஆபீஸ்ல ஒரு சான்றிதழ் வாங்கணும், அவ்வளவுதான். ஆனா அவங்க அதைக் கேக்கவே இல்லையே!

மேச்சேரிக்காரன்:
நான் சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. சுகர் இருக்குற ஜீவனுக்கு மயக்க மருந்தே வேண்டாம். எங்க சித்தி வீட்டுப் பூனை அப்படித்தான் போச்சு. ஆன்டிபயாட்டிக் குடுத்து ஓட்டுங்க. தயிர்ச்சோறு மசிச்சு வெச்சா பல்லு வலிக்காம சாப்பிடும்.

நாலு ரோடு நாயகி:
சுகர் பூனைக்குத் தயிர்ச்சோறா? அது மாமிசம் திங்கிற ஜாதிங்க. சோத்து மாவுச்சத்து நேரா சுகரை ஏத்தும். எங்க பூனைக்கு சொத்தைப் பல்லை எடுத்த அப்புறம்தான் சுகரே அடங்குச்சு. வாய்ல சீழை வெச்சுக்கிட்டு இன்சுலினை ஏத்திக்கிட்டே போறது ஓட்டைக் குடத்துல தண்ணி ஊத்துற கதை.

பேஸ்மெண்ட் பாண்டி:
இங்க பூனை டாக்டர் வாசப்படி மிதிச்சாலே காசு. இன்சூரன்ஸ் போடலாம்னா, ஏற்கெனவே இருக்குற வியாதிக்குத் தர மாட்டோம்னு சொல்லிடுவான். வீட்டு ஓனர் வேற, பூனையான்னு மூஞ்சியைச் சுழிப்பான். ஊர்ல இருக்குறதே அதுக்குப் புண்ணியம்.

லீட்ஸ் மச்சான்:
எங்களுக்கு மட்டும் என்னவாம். பல்லு வலின்னா மனுஷனுக்கே டாக்டர் கெடைக்கல இங்க. நான் லீவுல ஊருக்குப் போயி சேலம் அஞ்சு ரோட்டுல பல்லைப் புடுங்கிட்டு, தட்டுவடை செட்டு திங்க முடியாம திரும்பி வந்தவன்.

மேச்சேரிக்காரன்:
புடுங்குன வாயோட தட்டுவடையா? உங்களுக்கு வேணும்ங்க.

ஆத்தூர் அக்கா:
பூட்ஸும் தட்டுவடையும் போதும் சாமி. நான் நாமக்கல் பக்கம் பிராணி கிளினிக்ல வருஷக்கணக்கா உதவியாளரா இருந்தவ, இப்ப ஷார்ஜால இருக்கேன். கண்ணு, உன் கேள்வியில முக்கியமானது எதுவுமே இல்ல. என்ன இன்சுலின்? எத்தனை யூனிட்? எந்த சிரிஞ்சு, மூடி என்ன கலரு? ஊசி யார் போடுறாங்க, சுகர் எதுல பாக்குறாங்க? ரெண்டு நாளா சாப்பிடுறானா? அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டுட்டு வந்து எழுது.

ஏற்காட்டுப் பொண்ணு:
அக்கா, கிளார்ஜின். காலைல 7, ராத்திரி 7, ரெண்டு ரெண்டு யூனிட். அம்மாதான் போடுறாங்க. அப்பா ஊசியைப் பாத்தாலே திண்ணைக்குப் போயிடுவார், ஆனா சுகர் பாக்குறது அவரோட மெஷின்லதான், அவருக்கும் சுகர். மூடி சிவப்புங்க. முன்னாடி ஆரஞ்சு இருந்துச்சாம். கையிருப்பு தீந்துபோச்சு, போன வாரம் மருந்துக்கடையில இதான் இருக்குன்னு குடுத்தாங்களாம். ஏன் கேக்குறீங்க? நேத்து சாயங்காலம் கொஞ்சம் தள்ளாடுனான், வயசாயிடுச்சில்லன்னு அம்மா சொன்னாங்க.

ஆத்தூர் அக்கா:
கண்ணு, இதை உடனே கேளு. வியாழக்கிழமை அப்புறம்.

சிவப்பு மூடி சிரிஞ்சு மில்லிக்கு 40 யூனிட் இருக்குற இன்சுலினுக்கு. நம்ம ஊர்ல பழைய வகை இன்சுலின் பாட்டில் நெறைய 40-தான், அதனால கடையில அதுதான் கைக்கு வரும். நீ சொல்ற கிளார்ஜின் மில்லிக்கு 100 யூனிட்டா இருந்தா, அதுக்கு ஆரஞ்சு மூடி. பாட்டில் லேபிளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லு. 100-னு போட்டிருந்தா, சிவப்பு மூடியில ரெண்டு கோடு வரைக்கும் இழுத்தா உள்ள போறது ரெண்டு யூனிட் இல்ல, அஞ்சு. ரெண்டரை மடங்கு. தள்ளாடுனது வயசுனால இல்ல.

இப்பவே அம்மா அவனுக்குச் சாப்பாடு வெக்கட்டும், சுகர் பாக்கட்டும். மனுஷ மெஷின் பூனை ரத்தத்துல கொஞ்சம் குறைச்சுத்தான் காட்டும், ஆனா 60, 70-ன்னு வந்தா அதை நெனச்சு சும்மா இருந்துடக் கூடாது. தள்ளாட்டம், மிரண்ட பார்வை, வலிப்பு இதுல எது வந்தாலும் தேனோ குளுக்கோஸ் கரைச்ச தண்ணியோ ஈறுல தடவிட்டு டாக்டர்கிட்ட ஓடணும். மயங்கிக் கெடந்தா வாய்க்குள்ள ஊத்தக் கூடாது, மூச்சுக்குழாய்க்குப் போயிடும். டாக்டர்கிட்ட பேசாம அடுத்த ஊசி வேண்டாம்.

ஏற்காட்டுப் பொண்ணு:
லேபிள் வந்துடுச்சு அக்கா, 100-தான். சுகர் 71 காட்டுச்சு. கோழி வெச்சாங்க, சாப்பிட்டான், இப்ப நடக்குறான். டாக்டர்கிட்ட அம்மா பேசிட்டாங்க. இன்னைக்கு ராத்திரி ஊசி வேண்டாம், நாளைக்குக் காலைல சுகர் பாத்துட்டுச் சொல்றேன்னார். சுகர் சரியா நின்னா வியாழக்கிழமையே பண்ணலாமாம். எனக்குக் கையெல்லாம் நடுங்குது.

மேச்சேரிக்காரன்:
அப்பாடா. ஆனா நான் சொன்னது மயக்க மருந்தைப் பத்தி, அதுல மாத்தமில்ல.

ஆத்தூர் அக்கா:
தம்பி, பயம் நியாயம்தான். ஆனா வாய் சீழோட விட்டா இன்சுலின் சரியா வேலை செய்யாது, சுகர் ஏறுனா சீழ் ஆறாது. ஒண்ணை ஒண்ணு புடிச்சு இழுத்துக்கிட்டே போகும். ஆன்டிபயாட்டிக் நிறுத்துன உடனே நாத்தம் திரும்ப வரும்.

கண்ணு, டாக்டர்கிட்ட அம்மா இதைக் கேக்கட்டும். ரத்தப் பரிசோதனையில கிட்னியும் பாத்தாச்சா? பல்லுக்கு எக்ஸ்ரே உண்டா? பூனைக்கு ஈறுக்கு அடியில வேர் கரையும், மேல பாத்தா பல்லு நல்லாதான் தெரியும். எக்ஸ்ரே இல்லாம புடுங்குனா வேர்த்துண்டு உள்ள நின்னுடும். தொண்டையில ட்யூப் போட்டுத்தான் மயக்கம் குடுப்பாங்களா? பல்லு கழுவுற தண்ணி நுரையீரலுக்குப் போகாம இருக்க அது வேணும். அங்க இந்த வசதி இல்லன்னா நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில கேட்டுப் பாருங்க, சேலத்துல இருந்து ஒரு மணி நேரம் சொச்சம்தான்.

ஆபரேஷன் அன்னைக்குக் காலைல மொத கேஸா எடுக்கச் சொல்லணும். சுகர் பூனையைப் பட்டினியா மத்தியானம் வரைக்கும் உக்கார வெக்கக் கூடாது. எத்தனை மணியோட சாப்பாட்டை நிறுத்தணும், காலை ஊசி எவ்வளவுங்கறது டாக்டர் கையில. சுகர் பாத்துட்டுப் பொதுவாப் பாதி போடச் சொல்லுவாங்க. மயக்கத்துல இருக்கும்போது அரை மணி, ஒரு மணிக்கு ஒருக்கா சுகர் பாப்பாங்களான்னு கூச்சப்படாம கேக்கணும்.

லீட்ஸ் மச்சான்:
அக்கா, வீட்டுக்கு வந்த அப்புறம்? எங்க வீட்டுலயும் கெழட்டுப் பூனை ஒருத்தன் இருக்கான்.

ஆத்தூர் அக்கா:
தையல் தானா கரையும், புடுங்க வேண்டாம். ஒண்ணு ரெண்டு வாரம் மெதுவான சாப்பாடுதான். வேக வெச்ச கோழியை அடிச்சு, லேசா சூடு பண்ணிக் குடுக்கலாம். உப்பு, வெங்காயம், பூண்டு கிட்டயே வரக் கூடாது. தயிர்ச்சோறும் வேண்டாம் மேச்சேரித் தம்பி. கடிச்சு திங்கிற பிஸ்கட்டை எடுத்து ஒளிச்சு வைங்க.

ஒரு நாள் முழுக்க சாப்பிடலன்னா டாக்டருக்குப் போன் போட்டுடணும். பூனை ரெண்டு மூணு நாள் பட்டினி கெடந்தா கல்லீரல்ல கொழுப்பு ஏறிடும், அது பல்லை விடப் பெரிய வம்பு. சாப்பிடாதப்ப முழு ஊசி போடக் கூடாது, அதுக்காக நாள் கணக்கா நிறுத்துனா கீட்டோன்ங்கற அமிலம் ரத்தத்துல ஏறிடும். சாப்பிட்டா எவ்வளவு, பாதி சாப்பிட்டா எவ்வளவு, சாப்பிடலன்னா எவ்வளவுன்னு டாக்டர்கிட்ட ஒரு சீட்டுல எழுதி வாங்கி ஃப்ரிட்ஜ் மேல ஒட்டிடுங்க.

வலிக்கு டாக்டர் குடுக்குறது மட்டும்தான். வீட்டுல இருக்கேன்னு பாரசிட்டமால் குடுத்துடாதீங்க, பூனைக்கு அது விஷம், கால் மாத்திரை கூட. வாய்ப் புண்ணுக்கு ஸ்டீராய்டு ஊசி போடலாம்னு யாராவது சொன்னா, சுகர் இருக்குன்னு சத்தமாச் சொல்லணும், அது சுகரைத் தூக்கிடும்.

இன்னொண்ணு, பல பேர் கோட்டை விடுறது. வாய் ஆற ஆற இன்சுலின் தேவை குறையும். பழைய அளவே அதிகமாயிடும். அதனால ஆபரேஷன் ஆன அடுத்த சில வாரம் சுகர் அடிக்கடி பாக்கணும், காது ஓரத்துல குத்துனா போதும். சில பூனைக்கு இன்சுலினே வேண்டாம்னு ஆகுறதும் உண்டு, ஆனா அதை டாக்டர்தான் சொல்லணும்.

ஏற்காட்டுப் பொண்ணு:
ரொம்ப நன்றி அக்கா, அப்படியே அம்மாவுக்கு வாய்ஸ் மெசேஜா அனுப்பிட்டேன். ராத்திரி ஊசி நேரம் எனக்குக் காலைல ஒன்பதரை, ஆபீஸ்ல இருந்தாலும் வீடியோ கால்ல நிப்பேன். ஆபரேஷன் முடிஞ்ச கையோட 20 கொண்டை ஊசி வளைவு ஏறலாமா? சும்மாவே கார்ல வாந்தி எடுப்பான்.

ஆத்தூர் அக்கா:
வேண்டாம். சேலத்துல சொந்தக்காரங்க வீடு இருந்தா ரெண்டு ராத்திரி அங்கயே வெச்சிருங்க, ஏதாவதுன்னா டாக்டர் பக்கத்துல இருப்பார். இன்சுலினை ஐஸ் மேல நேரா வெச்சு எடுத்துட்டுப் போகாதீங்க, உறைஞ்சா வீணாப் போயிடும். துணியில சுத்தி டப்பாவுல போடுங்க.

ஏற்காட்டுப் பொண்ணு:
சித்தப்பா வீடு ஃபேர்லேண்ட்ஸ்ல இருக்கு, பேசிட்டேன். ஆரஞ்சு மூடி சிரிஞ்சுதான் ஏற்காட்டுல இப்ப கெடைக்கலையாம். நாளைக்குக் காலைல டாக்டர் ஊசி போடச் சொன்னா கையில ஒண்ணும் இல்ல.

பேஸ்மெண்ட் பாண்டி:
அதை என்கிட்ட விடு தங்கச்சி. என் மச்சான் விடியக்காலைல காய்கறி வண்டியோட அடிவாரத்துல இருந்து மேல போறவன். சேலம் புது பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ராத்திரி முழுக்கத் தொறந்திருக்குற மருந்துக்கடையில வாங்கச் சொல்லிட்டேன், 100 யூனிட், ஆரஞ்சு மூடின்னு எழுதியே அனுப்பிட்டேன். அம்மா நம்பரை இங்க போடாத, எனக்குத் தனியா அனுப்பு.