கடலோரக் காட்டில் மரக்குடில்: இருவர் மட்டும் தங்கிவர எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

ஈரக்காற்று:

நண்பர்களுக்கு வணக்கம். நானும் என் மனைவியும் நேரம் ஒத்துவராத வேலைகளில் இருப்பதால், ஒருவர் உள்ளே நுழையும்போது மற்றவர் வெளியே கிளம்புவதே எங்கள் வீட்டின் நடைமுறையாகிவிட்டது. அடுத்த மாதம் ஏதேனும் ஒரு வார இறுதியில், வெள்ளிக்கிழமை கிளம்பி ஞாயிறு மாலை திரும்பும்படி இருவருக்கும் விடுப்புக் கிடைக்கும் போலிருக்கிறது. அவளுக்குக் காடு பிடிக்கும், எனக்குக் கடல். ஆகவே கடற்கரையை ஒட்டிய காட்டில் ஒரு மரக்குடிலை வாடகைக்கு எடுக்கலாம் என்று தேடத் தொடங்கினேன். விளம்பரங்களில் எல்லாக் குடில்களும் ஒன்றுபோலவே இருக்கின்றன: ஒரு பெரிய ஜன்னல், ஒரு கணப்பு, தொலைவில் கொஞ்சம் நீலம்.

கடலைப் பார்த்தபடி இருக்கும் குடில் நல்லதா, மரங்களுக்குள் சற்றுத் தள்ளி இருப்பது நல்லதா? எந்த வாரத்தைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு ஏதேனும் கணக்கு உண்டா? அவளிடம் எதுவுமே சொல்லாமல் அழைத்துப் போய் அசத்தலாமா? இப்படித் தங்கிவந்தவர்கள் விளக்கமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

நிழல்தேடி:

மரங்களுக்குள் இருப்பதையே எடுங்கள். கடலுக்கு நேர்முகமாக நிற்கும் குடில் படத்தில் அழகாக இருக்கும், ஆனால் தங்கும்போது பகலெல்லாம் காற்றோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். வெயில் ஏற ஏற நிலம் கடலைவிட விரைவாகச் சூடாவதால், முற்பகலில் மெல்லத் தொடங்கும் கடற்காற்று பிற்பகலில் உச்சத்துக்குப் போய்விடும். அந்த நேரத்தில் முகப்பில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசுவதற்குக்கூடக் குரலை உயர்த்த வேண்டும். அதே காற்று அடர்ந்த மரங்களுக்குள் கொஞ்ச தூரம் நுழைந்துவிட்டால் இலைகளின் சலசலப்பாகத் தணிந்துவிடுகிறது. இரவில் நிலம் விரைவாகக் குளிர்ந்து காற்றின் திசை மாறி, காட்டிலிருந்து கடலை நோக்கி மெதுவாக வீசும். எனவே கடற்கரைக்குப் போக அதிகாலையும் முன்மாலையும், குடிலில் இருக்கப் பிற்பகலும் இரவும் என்று நாள் தானாகவே பிரிந்துகொள்ளும்.

உப்புக்காற்று நேராகப் படும் குடில்களில் கீல், தாழ்ப்பாள், ஜன்னல் கொக்கி எல்லாம் துருவேறிக் கிடக்கும். ஈரத்தில் மரம் ஊதிப்போய், ஒருவர் கைப்பிடியைத் தூக்கிப் பிடிக்க மற்றவர் தோளால் முட்டித் திறக்க வேண்டிய கதவுகளையும் பார்த்திருக்கிறேன். பல நாள் பூட்டிக்கிடந்த இடமானால் மெத்தையில் பூஞ்சை வாடை இருக்கும் என்பதால், சொந்தமாக இரண்டு விரிப்புகளும் தலையணை உறைகளும் எடுத்துச் செல்லுங்கள்.

முன்பணம் கட்டுவதற்கு முன் உரிமையாளரிடம் சிலவற்றை வாய்விட்டுக் கேட்டுவிட வேண்டும். 'நடைதூரத்தில் கடல்' என்று எழுதியிருந்தால் அது வரைபடத்தில் கோடு போட்டு அளந்த தூரமா, காலால் நடக்கும் பாதையின் தூரமா, வழியில் செங்குத்தான இறக்கம் உண்டா என்று கேளுங்கள். கழிப்பறை குடிலுக்குள்ளேயே இருக்கிறதா என்பதையும் தயங்காமல் கேளுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது, அடுத்த குடில் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதுதான். பக்கத்துக் குடிலில் ஒருவர் இருமினால் உங்களுக்குக் கேட்குமானால், நீங்கள் பேசுவதும் அவருக்குக் கேட்கும். அப்புறம் எதற்கு அவ்வளவு தூரம் போவது?

அலைவரிசை:

தேதியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். விடுப்பு எந்த வாரம் என்று இன்னும் உறுதியாகவில்லை என்றால், நிலவையும் ஓதத்தையும் (கடல்நீர் ஏறி வற்றுவதை) பார்த்து முடிவுசெய்யுங்கள். பெரும்பாலான கடற்கரைகளில் ஏறத்தாழ 24 மணி 50 நிமிடங்களுக்குள் இரண்டு முறை நீர் ஏறி இரண்டு முறை வற்றும். சனிக்கிழமை காலை 6 மணிக்கு முழுவற்றம் என்றால் ஞாயிற்றுக்கிழமை அது 6.50 வாக்கில் வரும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய ஓரிரு நாட்களில் ஏற்றமும் வற்றமும் மிகுதியாக இருக்கும் என்பதால், அகலமான ஈரமணலில் இருவரும் நெடுந்தூரம் நடக்க வேண்டுமானால் அந்த நாட்களின் வற்ற நேரமே சிறந்தது. பாறை முனைகளைச் சுற்றி நடப்பதானால், நீர் திரும்பி ஏறத் தொடங்குவதற்கு முன்பே இந்தப் பக்கம் வந்துவிட வேண்டும். ஏறும் நீர் பாதையை மூடினால் பாறைக்கும் அலைக்கும் நடுவில் மாட்டிக்கொள்வீர்கள். ஓத அட்டவணையை முன்கூட்டியே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

நிலவுக்கு வருவோம். பௌர்ணமியன்று சூரியன் மறையும் நேரத்தை ஒட்டி நிலவு எழும். ஆகவே கிழக்கு நோக்கிய கடலானால் அது நீருக்கு மேல் எழுவதை மாலையிலும், மேற்கு நோக்கிய கடலானால் நீருக்குள் இறங்குவதை விடியற்காலையிலும் பார்க்கலாம். ஆனால் நிலவொளியில் விண்மீன்கள் மங்கிவிடும். இரண்டும் வேண்டுமானால் பௌர்ணமி கழிந்து மூன்று நான்கு நாட்கள் தள்ளிப் போங்கள். இருட்டிய முதல் இரண்டு மூன்று மணிநேரம் வானம் விண்மீன்களுக்கு, அதன்பின் நிலவுக்கு. கண் இருட்டுக்கு முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடங்கள் பிடிக்கும் என்பதையும், நடுவில் ஒருமுறை கைப்பேசித் திரையைப் பார்த்தாலும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். (கைப்பேசியைக் குடிலிலேயே விட்டுப்போக இது நல்ல சாக்கு.)

கடலில் இறங்குவதாக இருந்தால் ஒன்று மட்டும்: ஆளில்லாத கரையில் இழுவை நீரோட்டம் உள்ளே இழுத்தால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாமல், கரைக்கு இணையாக நீந்தி அந்த ஓட்டத்திலிருந்து விலகிய பிறகே திரும்ப வேண்டும்.

தூரத்துமேகம்:

நிழல்தேடி சொன்னதில் எனக்குப் பாதி உடன்பாடுதான். நடப்பதில் ஒருவருக்காவது சிரமம் இருந்தால், காற்றைப் பொறுத்துக்கொண்டாவது கடல் தெரியும் குடிலை எடுப்பதே நல்லது. இல்லையென்றால் ஒருவர் கரையிலும் ஒருவர் குடிலிலுமாக அங்கும் வீட்டுக் கதைதான் தொடரும். மழையைப் பற்றி யாரும் பேசவில்லை. புயல் எச்சரிக்கை இல்லாத சாதாரண மழையானால் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டாம். வெளியே போக முடியாத ஒரு பிற்பகல் உங்கள் இருவருக்கும் தேவை என்றே உங்கள் கேள்வியைப் படித்தபோது தோன்றியது.

அசத்துவதைப் பற்றி: போகும் இடத்தையே மறைத்துவைத்தால், எந்தச் செருப்பை எடுப்பது, கம்பளி வேண்டுமா என்பதுகூட உங்கள் மனைவிக்குத் தெரியாது. ஓய்வில்லாமல் உழைக்கும் ஒருவருக்கு, அந்த நாளை எண்ணிக் காத்திருப்பதிலேயே பாதி மகிழ்ச்சி இருக்கிறது. அதை நீங்கள் பறித்துக்கொள்ளக் கூடாது. இடத்தைச் சொல்லிவிடுங்கள், வேண்டுமானால் ஒரு சிறிய பொருளை மட்டும் மறைத்து எடுத்துப் போங்கள்.

பயணம் மூன்று மணிநேரத்துக்குள் முடிவதாக இருக்கட்டும். வெள்ளிக்கிழமை வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள். காட்டுப் பாதையில் கிளைவழிகள் இருட்டில் தெரியாது. சிக்னல் இல்லாத இடத்திலும் கைப்பேசியின் ஜிபிஎஸ் செயற்கைக்கோளை வைத்து இடத்தைக் காட்டும், ஆனால் வரைபடத்தை வீட்டிலேயே இறக்கிவைத்திருக்க வேண்டும். முதல் நாள் இரவுச் சாப்பாட்டைச் சமைத்தே எடுத்துப் போய்விடுங்கள். சனிக்கிழமைக்கு ஓத நேரத்தைத் தவிர வேறு எந்தத் திட்டமும் போடாதீர்கள்.

ஈரக்காற்று:

மூவருக்கும் மிக்க நன்றி. அவளிடம் நேற்றே சொல்லிவிட்டேன். கணப்பு இருக்கிறதா என்பதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி. இருவருக்குமே விறகு மூட்டிப் பழக்கமில்லை. எதில் கவனமாக இருக்க வேண்டும்?

சுள்ளிக்கட்டு:

விறகு காய்ந்திருப்பதே முதல் பாடம். ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் குறைவாக இருந்தால்தான் நன்றாக எரியும். இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டினால் காய்ந்தவை கணீரென்று ஒலிக்கும், ஈரமானவை மந்தமாகச் சத்தமிடும். கடலோர ஈரத்தில் தீப்பெட்டியும் நமத்துப்போகும். உரசினால் பொறி வராமல் குச்சியின் மருந்து மட்டும் பொடியாக உதிரும். ஆகவே மூடி இறுகிய டப்பாவில் தீப்பெட்டியைப் போட்டு, கூடவே ஒரு லைட்டரும் எடுத்துச் செல்லுங்கள். மூட்டுவதற்கு முன் புகைக்குழாயின் தடுப்புத் தகடு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். முதலில் மெல்லிய சுள்ளிகளைப் பற்றவைத்து, தழல் பிடித்த பிறகே பெரிய கட்டையை வையுங்கள். கரையில் ஒதுங்கிய மரத்துண்டுகளை மட்டும் கணப்பில் போடாதீர்கள். அவற்றில் ஊறியிருக்கும் உப்பு எரியும்போது நச்சுப்புகை உண்டாகும், அடுப்பின் இரும்பும் அரித்துப்போகும்.

காற்றோட்டம் சரியில்லாத அறையில் நெருப்பு எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தூங்குபவர்கள் தூக்கத்திலேயே மயங்கிவிடுவார்கள். குடிலில் அதற்கான எச்சரிக்கைக் கருவி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் பேட்டரியில் இயங்கும் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். குளிருக்காகக் கரி அடுப்பை அறைக்குள் கொண்டுவந்து வைக்கவே கூடாது.

நிழல்தேடி:

உண்ணிகளைப் பற்றிச் சொல்ல விட்டுப்போயிற்று. உயரமான புல் வழியாக நடந்து வந்தால் முழங்காலின் பின்புறம், அக்குள், காதின் பின்புறம், முடியோரம் எல்லாவற்றையும் பாருங்கள். கடித்துப் பிடித்திருந்தால் எண்ணெய் தடவுவதோ தீயால் சுடுவதோ வேண்டாம். சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்து எடுத்துவிட்டு, அந்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். முதுகை மட்டும் அவரவரே பார்த்துக்கொள்ள முடியாது, ஆகவே அதை ஒருவருக்கொருவர்தான் பார்க்க வேண்டும். உங்கள் இருவருக்கும் அதில் ஆட்சேபணை இருக்காது என்று நம்புகிறேன்.